வண்ணத்துப்பூச்சிகளை எண்ணுவோம், வயலை அறிவோம்

"நம்ம ஊர் வயலில் உயிரினங்கள் குறைந்துவிட்டனவா?" என்று மாணவர் ஒருவர் கேட்டால் என்ன விடை சொல்வோம்? வயலில் வாழும் எல்லா உயிரினங்களையும் எண்ண நம்மால் இயலாது. வண்ணத்துப்பூச்சிகளை எண்ணலாம்.

ஏன் வண்ணத்துப்பூச்சி?

ஒவ்வொரு வகையும் தனக்குரிய சில தாவரங்களில்தான் முட்டையிடும். வெந்தய வரியனுக்கு எருக்கு. எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சையும் கறிவேப்பிலையும். புழு அந்த இலைகளைத் தின்று வளர்கிறது. வளர்ந்த பூச்சிக்குத் தேன் தரும் பூக்கள் தேவை. வரப்பில் களைக்கொல்லி தெளித்தால் செடியும் பூவும் ஒருசேர அழிகின்றன. காற்றில் பரவும் பூச்சிக்கொல்லி புழுக்களைக் கொல்கிறது. ஆண்டுக்குப் பல தலைமுறைகள் தோன்றுவதால் இந்த மாற்றம் விரைவில் எண்ணிக்கையில் தெரியும்.

பிரிட்டனில் 1976 முதல் தன்னார்வலர்கள் குறித்த பாதைகளில் வாரந்தோறும் நடந்து எண்ணி வருகிறார்கள். ஐரோப்பியப் புல்வெளிகளில் 17 வகைகளைக் கணக்கிட்டபோது, 1990 முதல் 2011 வரை அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது தெரியவந்தது.

செயல்பாடு (6 முதல் 9 வகுப்பு வரை)

1. பள்ளிக்கு அருகில், உழவரின் அனுமதி பெற்று, 200 மீட்டர் வரப்புப் பாதையைத் தேர்ந்தெடுக்கவும்.
2. வாரம் ஒருமுறை, வெயிலுள்ள, காற்று குறைந்த முற்பகலில் ஒரே வேகத்தில் நடக்கவும். மருந்து தெளித்த நாள்களைத் தவிர்க்கவும்.
3. இருபுறமும் 2.5 மீட்டர், முன்னால் 5 மீட்டருக்குள் தெரிபவற்றை மட்டும் எண்ணவும். பிடிக்க வேண்டாம். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அளவையும் எழுதினால் போதும்.
4. நாள், நேரம், வானிலை, வரப்பில் உள்ள செடிகள், மருந்து தெளித்த விவரம் ஆகியவற்றையும் குறிக்கவும்.

கணக்கிடுதல்

ஜூலையில் நான்கு நடைகளில் 48 பூச்சிகள் தென்பட்டால் சராசரி 12. இதை 100 எனக் கொள்வோம். அடுத்த ஜூலையில் சராசரி 9 எனில் குறியீட்டெண் 75. கணிதப் பாடத்தில் இதையே கோட்டு வரைபடமாக்கலாம்.

ஆனால் 75 என்றதும் "வயல் கெட்டுவிட்டது" என்று மாணவர்கள் முடிவு செய்யக்கூடாது. மழை தவறினாலும் எண்ணிக்கை குறையும். சில வகைகள் பருவமழையை ஒட்டி இடம்பெயரும். ஆகவே ஒரே மாதத்தை ஒரே மாதத்துடன் ஒப்பிட வேண்டும். தொடர்ந்து பல ஆண்டுகள் இறங்குமுகமாக இருந்தால்தான் அது எச்சரிக்கை. அப்போது செடிக் குறிப்பையும் மருந்துக் குறிப்பையும் சேர்த்துப் பார்த்தால் காரணத்தை ஊகிக்கலாம். உழவருடன் பேசவும் முடியும்.

இதற்கு ஓராண்டுப் பதிவு போதாது. ஆசிரியர் பணிமாறுதலில் சென்றால் செயல்பாடு அத்துடன் நின்றுவிடுவது வழக்கம். எனவே பாதையின் வரைபடத்துடன் கூடிய பதிவேட்டைப் பள்ளியின் உடைமையாக வைப்போம். அடுத்து வருபவரிடம் முறையாக ஒப்படைப்போம். இன்று ஆறாம் வகுப்பு எழுதும் முதல் பக்கத்தின் பொருள், அவர்கள் பத்தாம் வகுப்புக்கு வரும்போதுதான் விளங்கும்.