பதினைந்தாண்டுச் சேமிப்பு

பொருளை ஈட்டும் வழியைக் கற்பிக்கத் தொழிற்கூடங்களும் கல்லூரிகளும் உள்ளன. ஈட்டிய பொருளைக் காக்கும் வழியையோ பெரும்பாலோர் இழந்த பின்னரே கற்கின்றனர். எங்கள் தெரு அவ்வாறுதான் கற்றது.

யான் எட்டாம் வகுப்பில் படித்த நாளில், எங்கள் தெருவில் ஒருவர் தீபாவளிச் சீட்டு நடத்தி வந்தார். வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு நீண்ட குறிப்பேட்டுடன் வீடு வீடாக வருவார். என் அன்னையார் அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்த பணத்தை எடுத்து அவர் கையில் கொடுப்பார். அவரும் ஏட்டில் ஒரு கோடு கிழிப்பார். அந்தக் கோட்டைத் தவிர அப்பணத்திற்கு வேறு சான்று இல்லை. பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு அவர் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. தெருப் பெண்கள் அக்கதவின் முன் நின்று அழுத காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது. பட்டாசும் புத்தாடையும் போனதற்காக என் அன்னையார் வருந்தவில்லை. என் தமக்கையார் ஆசிரியப் பயிற்சியில் சேர்வதற்கென வைத்த தொகையும் அச்சீட்டிலேதான் இருந்தது. அவர் அவ்வாண்டு பயிற்சியில் சேரவில்லை, பின்னரும் சேரவில்லை, தையல் கற்றுக்கொண்டார்.

இதில் வியப்பு யாதெனில், அத்தெருவின் முனையிலேயே ஓர் அஞ்சலகம் இருந்தது. கடிதமும் பணவிடையும் வரும் இடமென்றே நாங்கள் அதனை அறிந்திருந்தோம். எளியோர் சிறுதொகையை அச்சமின்றி இட்டு வைப்பதற்காக, இங்கிலாந்தில் கிளாட்ஸ்டன் என்பவர் நிதியமைச்சராக இருந்தபோது, 1861ஆம் ஆண்டில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தோன்றியது. இந்தியாவில் அது 1882ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்றது. ஆகவே, ஊரில் உள்ள பல வங்கிகளைக் காட்டிலும் அஞ்சலகச் சேமிப்பு வயதில் மூத்ததாகும்.

அஞ்சலகத்தில் இடும் பணம் ஒரே வகையினதன்று. இன்று இட்டு நாளை எடுக்கும் சேமிப்புக் கணக்கும் உண்டு. மாதந்தோறும் கட்டும் தொடர் வைப்பும் உண்டு. அவற்றுள் நெடுங்காலச் சேமிப்புக்கென அமைந்தது பொது வருங்கால வைப்பு நிதி. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட இந்நிதி, வருங்கால வைப்பு நிதி இல்லாத உழவர், வணிகர், கைத்தொழிலாளர் ஆகியோரும் முதுமைக்குப் பொருள் சேர்க்கத் துணை புரிகிறது. ஓர் ஆண்டில் 500 ரூபாய்க்குக் குறையாமலும் 1,50,000 ரூபாய்க்கு மிகாமலும் இதில் இடலாம். ஒருவர் பெயரில் ஒரு கணக்கே இருத்தல் வேண்டும். இருவர் சேர்ந்து தொடங்கல் இயலாது. பெற்றோருள் ஒருவர் தம் சிறாரின் பெயரில் தொடங்கலாம். ஆயின் இரு கணக்கிற்கும் சேர்த்தே அந்த மேல்வரம்பு.

இக்கணக்கின் தனிச்சிறப்பு அதன் வட்டிக்கு வருமான வரி இல்லை என்பது. இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. வங்கியின் நிரந்தர வைப்பில் கிடைக்கும் வட்டி ஒருவருடைய வருமானத்தோடு சேர்க்கப்படும். அவர் 20 விழுக்காடு வரி கட்டுபவராயின், 100 ரூபாய் வட்டியில் 80 ரூபாயே அவர்க்கு எஞ்சும். வைப்பு நிதிக்கு 2020 ஏப்ரல் முதல் 7.1 விழுக்காடு வட்டி அளிக்கப் பெற்றது. வரி போக அதே அளவு கைக்கு வரவேண்டுமாயின், வங்கி அவருக்கு ஏறத்தாழ 8.9 விழுக்காடு தரவேண்டும். இட்ட தொகைக்கும் வரிக் கழிவு உண்டு; ஆயின் அது பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்க்கே உரியது. 2020ஆம் ஆண்டில் வந்த புதிய முறையில் அக்கழிவு இல்லை. வட்டிக்குரிய விலக்கு இரு முறையிலும் உண்டு.

“வரியே கட்டாத கூலித் தொழிலாளிக்கு வரிவிலக்கால் என்ன பயன்?” என்று மாணவர் கேட்கலாம். கேட்கத் தக்க கேள்வியே. உண்மையில், வரிவிலக்கு என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மயங்குவோர் பலர்; தமக்கு வரி உண்டா என்று பார்ப்போர் சிலர். எளியோர்க்கு இக்கணக்கால் வரும் நன்மை வேறு. பணத்திற்கு அரசே பொறுப்பு. வங்கி வைப்பிற்கு 2020ஆம் ஆண்டு முதல் 5 இலட்சம் ரூபாய் வரையே காப்பீடு. இங்கு அவ்வெல்லை இல்லை. மேலும், கணக்குடையார் கடன்பட்டாரேனும், அக்கடனுக்காக நீதிமன்ற ஆணையால் இத்தொகையைக் கைப்பற்றுதல் இயலாது. கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கும் வீட்டிற்கு இதனினும் பெரிய காவல் யாது?

வட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பதினைந்தாண்டும் ஒரே வட்டி கிடைக்கும் என எவரேனும் உரைத்தால் நம்பற்க. அரசு மூன்று திங்களுக்கு ஒருமுறை அதனை ஆராய்ந்து அறிவிக்கும். தொடக்கத்தில் 4.8 விழுக்காடாக இருந்த வட்டி, 1986 முதல் 1999 வரை 12 விழுக்காடாக உயர்ந்து நின்றது; பின்னர்ப் படிப்படியாய்த் தாழ்ந்தது. 7.1 விழுக்காடே நீடிக்கும் எனக் கொண்டு, ஆண்டின் தொடக்கத்தில் 12,000 ரூபாயாகப் பதினைந்தாண்டு இட்டால், இட்ட 1,80,000 ரூபாய் ஏறத்தாழ 3,25,000 ரூபாயாக வளரும். வட்டிக்கு வட்டி சேர்வதால் விளைவது இது.

எங்குத் தொடங்குவது என்பதில் பெருங்குழப்பம் வேண்டுவதில்லை. அஞ்சலகத்திலும் தொடங்கலாம், இத்திட்டத்தை நடத்தும் வங்கிகளிலும் தொடங்கலாம். வட்டி எங்கும் ஒன்றே. ஆதலின் வீட்டிற்கு அண்மையில் உள்ள இடத்தைத் தேர்தலே அறிவுடைமை. ஊர் மாறினால் கணக்கையும் மாற்றிக் கொள்ளலாம். பத்து வயது நிரம்பாத பெண் குழந்தை உள்ள வீட்டில் மட்டும் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். அக்குழந்தைக்கெனவே 2015ஆம் ஆண்டில் செல்வமகள் சேமிப்புத் திட்டம் வந்தது. அதற்கும் வரி இல்லை. 2024 சனவரி முதல் அதற்கு அளிக்கப் பெற்ற வட்டி 8.2 விழுக்காடு, ஆண்டிற்கு 250 ரூபாய் இட்டாலும் போதும். ஆனால் அது முதிர 21 ஆண்டு செல்லும். மகளின் மேற்படிப்பிற்கு எனில் என் தேர்வு அதுவே.

கணக்குத் தொடங்குவோர் படிவத்தை நிரப்பி, புகைப்படமும், ஆதார் எண்ணும், வருமான வரித்துறை வழங்கும் நிரந்தரக் கணக்கு எண்ணும் அளித்தல் வேண்டும். படிவத்தில் வாரிசைக் குறிக்கும் கட்டத்தைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகின்றனர். கணக்குடையார் மறைந்தபின் அவ்வெறுமையே மனைவி மக்களை அலுவலகந்தோறும் அலைய வைக்கும். பணம் கட்டியதும் கணக்குப் புத்தகத்தில் தொகை பதிவாகி, முத்திரை விழுந்ததா என்று அவ்விடத்திலேயே பார்த்தல் வேண்டும். எழுத்தர் முகம் சுளிப்பாரே என்று அஞ்சலாகாது. ஏட்டில் இழுத்த கோட்டை நம்பிய தெருவில் வளர்ந்தவன் ஆதலால் இதனை அழுத்திச் சொல்கிறேன்.

பணம் இடும் நாளிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு திங்களிலும் 5ஆம் நாள் முடிவுக்கும் திங்களின் இறுதி நாளுக்கும் இடையே இருக்கும் மிகக் குறைந்த இருப்பிற்கே வட்டி. 12,000 ரூபாயை ஏப்ரல் 4ஆம் நாள் இட்டவர்க்கு அத்திங்களுக்கு 71 ரூபாய் வட்டி சேரும். 6ஆம் நாள் இட்டவர்க்கு அது இல்லை. ஓர் ஆண்டில் 500 ரூபாயும் கட்டாமல் விட்டால் கணக்கு உறங்கிவிடும்; விட்ட ஆண்டிற்கு 50 ரூபாய் தண்டமும், கட்டத் தவறிய குறைந்த அளவுத் தொகையும் செலுத்தி அதனை எழுப்பலாம்.

இடையில் இடர் வந்தால் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மூன்றாம் நிதியாண்டிலிருந்து ஆறாம் நிதியாண்டு வரை கடன் பெறலாம். ஏழாம் நிதியாண்டு முதல் இருப்பில் ஒரு பகுதியை எடுக்கலாம். என் தமக்கையார் திருமணத்திற்குப் பின் தம் பெயரில் இக்கணக்கைத் தொடங்கி, தைத்துப் பெற்ற கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டி வந்தார். ஏழாம் ஆண்டில் ஒரு பகுதியை எடுத்து, மின்விசையால் ஓடும் தையற்பொறி ஒன்று வாங்கினார்.

அவருடைய கணக்கு முதிர்ந்ததாக எண்ணி அஞ்சலகம் சென்ற நாளில், எழுத்தர் திருப்பி அனுப்பிவிட்டார். பதினைந்து ஆண்டு என்பது பணம் கட்டத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதன்று. தொடங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து எண்ணப்படுவது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய கணக்கு 2041 மார்ச்சு முடிவில்தான் முதிரும். தமக்கையார் ஏப்ரலில் மீண்டும் சென்றார். அப்போது அவர்முன் மூன்று வழிகள் இருந்தன: முழுத்தொகையையும் பெற்றுக் கணக்கை முடித்தல்; மேலும் கட்டாமல் அப்படியே விட்டு வட்டி பெறுதல்; ஓராண்டிற்குள் படிவம் தந்து, இன்னும் ஐந்தாண்டிற்குக் கட்டி வருதல். அவர் மூன்றாவதைத் தேர்ந்தார். படிவத்தை யான் நிரப்பினேன். வாரிசுக் கட்டத்தில் தம் மகளின் பெயரைச் சொல்லி, எழுத்துப் பிழையின்றி எழுதினேனா என்று இருமுறை படித்துப் பார்த்த பின்னரே கையொப்பம் இட்டார்.