காயா? பழமா?

(விடுதி நண்பர்கள் சொன்ன சிறுவயதுச் சொற்கள்: ஒரு சிறு ஆய்வு)



மலருக்குக் கட்டுரை கேட்டதும் நம் நண்பர்கள் ரோபோ, சோலார், எலெக்ட்ரிக் கார் என்று எல்லாத் தலைப்பையும் எடுத்துக்கொண்டு விட்டார்கள். எனக்கு மிஞ்சியது கோலியும் பம்பரமும்தான். "டிப்ளமோ படிக்கிறவன் எழுதற விஷயமாடா இது?" என்று கேட்காதீர்கள். என் வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை புரியாததால் வந்த தழும்பு அது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சென்னைக்காரன். முதலாம் ஆண்டில் விடுதி அறையில் நாங்கள் நான்கு பேர். அதில் ஒருவன் கன்னியாகுமரி மாவட்டம், கேரள எல்லையை ஒட்டிய கிராமம். வந்த முதல் ராத்திரி மெஸ்ஸில், "அண்ணா, குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தருவியளா?" என்று கேட்டான். நான் சும்மா இருந்திருக்கலாம். "டேய், வெள்ளம் வந்துடுச்சாம், எல்லாரும் மாடிக்கு ஓடுங்கடா!" என்று கத்தினேன். மெஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து அவன் பெயரே 'வெள்ளம்' ஆகிவிட்டது.

ஞாபகத்தை அவன் 'ஓர்மை' என்பான், சிரிப்போம். குதிப்பதைச் 'சாடுறது' என்பான், சிரிப்போம். இரண்டு மாதத்தில் அவன் பேச்சு 'ஆமா', 'இல்ல' என்ற இரண்டு வார்த்தைக்குள் அடங்கிவிட்டது. வைவாவில் கேட்ட கேள்விக்கெல்லாம் அவனுக்குப் பதில் தெரியும். முந்தின நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். ஆனால் வாயைத் திறக்காமல் நின்றான். படிக்காமல் வந்துவிட்டான் என்று மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை.

பிறகு ஒருநாள் ஸ்மித்தி ஷாப். உருண்டை ராடைக் காய்ச்சிச் சதுரமாக அடிக்கும் பயிற்சி. சிவக்கக் காய்ந்த ராடை அவன் குறடால் பிடித்து உலையிலிருந்து எடுத்து வருகிறான். நான் பட்டடைக்கல் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு அரட்டை. குறடு நழுவியது. "மாறு! மக்கா, மாறு!" என்று கத்தினான். எதை மாற்றச் சொல்கிறான்? சுத்தியலையா? திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேனே தவிர, காலை நகர்த்தவில்லை. ராடு பேன்ட்டைப் பொசுக்கிக்கொண்டு காலில் பட்டு விழுந்தது.

அவன் ஊரில் 'மாறு' என்றால் 'விலகு' என்று அர்த்தம். தெருவில் பந்தாடும்போதும் சைக்கிள் பழகும்போதும் சின்ன வயதிலிருந்து கத்திப் பழகிய சொல். "தள்ளிக்கோன்னு சொல்லணும்னுதான் நெனச்சேன். வாயில இதுதான் வந்து" என்று ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். பயம் வரும் நேரத்தில் மனுஷனுக்கு வாயில் வருவது விளையாடும்போது கற்ற பாஷைதான் என்று அன்று புரிந்தது. பத்து நாள் படுக்கையில் இருந்தேன். பொழுது போகாமல், "உங்க ஊர்ல வேற என்னென்ன வார்த்தைடா இருக்கு?" என்று கேட்டேன். முதலில் தயங்கினான். பிறகு சொல்லச் சொல்ல ஒரு நாற்பது பக்க நோட்டு நிறைந்துவிட்டது. மற்ற அறை நண்பர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த நோட்டின் சுருக்கம்தான் இனி வருவது.

1. சண்டையும் சமாதானமும்

சின்ன வயதில் சிநேகிதனோடு சண்டை போட்டால் எங்கள் தெருவில் 'டூ' விடுவோம். திரும்பச் சேர்ந்தால் 'சேத்தி'. மதுரை நண்பன் இதைக் கேட்டு விழித்தான். அவனுக்குச் சண்டை என்றால் 'காய்', சமாதானம் என்றால் 'பழம்'. யோசித்துப் பாருங்கள், எவ்வளவு அழகு! கசக்கும் காய் கொஞ்ச நாளில் தானே பழுத்துவிடும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. எந்தப் புலவரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

2. ஒரே விளையாட்டு, பல பெயர்

எங்களுக்குக் 'கில்லி'. 2004இல் படம் வந்த பிறகு இந்தப் பெயர் எல்லா ஊருக்கும் தெரியும். மதுரைக்காரனுக்குக் 'கிட்டிப்புள்'. சேலம் நண்பனுக்குச் 'சில்லாங்குச்சி'. குச்சி ஒன்றுதான், அடியும் ஒன்றுதான். பெண்பிள்ளைகள் நொண்டியடித்து ஆடும் கட்ட விளையாட்டு எங்களுக்குப் 'பாண்டி', தெற்கே 'சில்லு'.

காத்தாடி விஷயத்தில் பெரிய குழப்பமே வந்தது. சென்னையில் நூல் கட்டி வானத்தில் விடுவதுதான் காத்தாடி. மதுரைக்காரனுக்கு அது 'பட்டம்'. குமரி நண்பனோ, "காத்தாடியை எதுக்குடே வானத்துல விடணும்?" என்றான். அவனுக்குக் காத்தாடி என்றால் பனையோலையை மடித்து முள்ளில் குத்திக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் சுற்றுவது. மூன்று பேரும் அரைமணி நேரம் சண்டை போட்டோம். மூன்று பேர் சொன்னதும் சரி.

இலங்கை அகதி முகாமிலிருந்து வந்து படிக்கும் நண்பன் ஒருவன் இருக்கிறான். பிறந்தது இங்கேதான், யாழ்ப்பாணத்தைப் பார்த்ததே கிடையாது. அவன் அம்மா வழியாக வந்த சொற்களைச் சொன்னான்: கோலிக்குப் 'போளை', உண்டிவில்லுக்குக் 'கெட்டபோல்', கண்ணாமூச்சிக்கு 'ஒளிச்சுப் பிடிச்சு'. "எங்க ஊர்ல இருந்து எங்கிட்ட இருக்கறது இதுதான்" என்று அவன் சொன்னபோது எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

3. கணக்கில் சேராதவன்

பெரிய பசங்க விளையாடும்போது குட்டித் தம்பி அழுவான். அவனையும் சேர்த்துக்கொள்வோம், ஆனால் அவுட் ஆனாலும் அவுட் இல்லை. அவன் 'ஒப்புக்குச் சப்பாணி'. ஓசூர் நண்பன் பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளைகளிடம் கேட்டதைச் சொன்னான்: 'ஆட்டக்குண்டு, லெக்கக்கில்ல'. அதாவது ஆட்டத்துக்கு உண்டு, கணக்குக்கு இல்லை. திருத்தணிப் பக்கத்து நண்பன் வீட்டில் தெலுங்கு. அவர்களுக்கு இது 'ஆட்டலோ அரட்டிப்பண்டு', ஆட்டத்தில் வாழைப்பழம்! மூன்று பாஷையிலும் பெயர் வேறு, ஆனால் தம்பியை அழவிடக் கூடாது என்ற சட்டம் மட்டும் ஒன்று. விடுதிக்குப் புதிதாக வந்தவனுக்கு நாங்கள் அந்தச் சட்டத்தைக்கூடக் காட்டவில்லை.

4. காது செய்யும் மாற்றம்

'ஐ ஸ்பை' என்ற ஆங்கிலம் நம் தெருவில் 'ஐஸ்பாய்' ஆனது. மேலே சொன்ன 'கெட்டபோல்' என்பது 'கேட்டபல்ட்' என்பதன் தம்பி. சென்னைப் பையன் சிநேகிதனைக் கூப்பிடும் 'தோஸ்த்' உருதுவிலிருந்து வந்தது. பிள்ளைகள் எழுத்தைப் பார்த்துக் கற்பதில்லை, காதால் கற்கிறார்கள். காதில் எப்படி விழுந்ததோ அப்படியே வாயில் வரும்.

ஊருக்கு ஊர் மாறுவதற்கும் இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. பாடப்புத்தகத் தமிழ் எல்லா மாவட்டத்துக்கும் ஒரே அச்சில் வருகிறது. விளையாட்டுச் சொல்லுக்கு அச்சு கிடையாது. பத்து வயதுக்காரன் ஏழு வயதுக்காரனுக்குச் சொல்லித் தருகிறான். அவன் பெரியவனானதும் அடுத்தவனுக்கு. அந்தச் சங்கிலி நம் தெரு, பக்கத்துத் தெரு, அடுத்த ஊர் வரைதான் நீளும். நம் பாஷையில் சொன்னால், ஸ்டாண்டர்டு வருவதற்கு முன்னால் ஒவ்வொரு பட்டறையிலும் மரை வெட்டிய மாதிரி. அந்தந்தப் போல்ட்டு அந்தந்த நட்டுக்குக் கச்சிதமாக உட்காரும். வேறு ஊர் நட்டில் ஏறவில்லை என்றால் போல்ட்டின் மேல் குற்றமில்லை.

5. இது ஆராய்ச்சியா?

ஆமாம், ஆராய்ச்சிதான். இங்கிலாந்தில் ஐயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி என்ற தம்பதி சுமார் 70 பள்ளிகளில் 5,000 பிள்ளைகளிடமிருந்து இத்தகைய சொற்களைச் சேகரித்து 1959இல் புத்தகமாக வெளியிட்டார்கள். ஆட்டத்தின் நடுவில் 'கொஞ்சம் நிறுத்து, என்னைப் பிடிக்காதே' என்பதற்குப் பிள்ளைகள் சொல்லும் சொல் எங்கள் தெருவில் 'அம்பேல்'. அதற்கு அங்கே லண்டன் பக்கம் 'ஃபைனைட்ஸ்', வடகிழக்கில் 'ஸ்கிஞ்ச்', மேற்கே 'பார்லி'. எந்தச் சொல் எந்தப் பகுதியில் வழங்குகிறது என்று வரைபடமே போட்டார்கள். 'பார்லி' போன்ற ஒரு சொல் 14ஆம் நூற்றாண்டுக் கவிதை ஒன்றில் இருப்பதையும் எடுத்துக்காட்டினார்கள். பெரியவர்கள் மறந்த சொல்லைப் பிள்ளைகள் தெருவில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்!

நம்மிடமும் இதற்குப் பெரிய மரபு உண்டு. தொல்காப்பியம் சொல்லை நான்காகப் பிரித்தபோது திசைச்சொல்லுக்கும் ஓர் இடம் கொடுத்தது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களை 1982இல் அகராதியாகத் தந்தார். பெருமாள்முருகன் கொங்குச் சொற்களை 2000இல் தந்தார். நம் நோட்டை அவற்றோடு ஒப்பிடவில்லை. அவர்கள் செய்த வேலை பெரிய உலை என்றால் இது அதிலிருந்து தெறித்த ஒரு பொறி.

6. இனி என்ன?

என் தம்பி ஏழாம் வகுப்பு படிக்கிறான். 'அம்பேல்' என்றால் அவனுக்குத் தெரியவில்லை. அவன் சொற்கள் போனிலிருந்து வருகின்றன. சென்னையிலும் நாகர்கோவிலிலும் அவை ஒரே சொற்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், அதுவும் பிள்ளைகள் பாஷைதான். ஆனால் விளையாட்டு போனால் அதன் சொல்லும் போய்விடும். கில்லி ஆடத் தெரியாதவனுக்குக் கில்லியின் சொற்கள் எதற்கு?

சொல் சாவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது: பக்கத்தில் இருப்பவன் சிரித்தால் போதும். அதை நான் செய்தேன். இத்தனைக்கும் என் 'மெட்ராஸ் பாஷை'யைச் சினிமாவில் கேலி செய்தால் எனக்குக் கோபம் வரும்! நம் பாலிடெக்னிக்கில் பல மாவட்டத்துப் பசங்க ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறோம். இத்தனை சொற்கள் ஒரு கூரையின் கீழ் சேர்வது இந்த மூன்று வருஷம்தான். முதலாம் ஆண்டுத் தம்பிகளே, தங்கைகளே! புரியாத சொல் காதில் விழுந்தால் "அப்படின்னா என்ன?" என்று கேளுங்கள். உங்கள் ஊர்ச் சொல்லை யாராவது கேலி செய்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். நம் நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது, வந்து எழுதுங்கள்.

குமரி நண்பன் இப்போது மெஸ்ஸில் சத்தமாகவே வெள்ளம் கேட்கிறான். மெஸ் அண்ணனும் சிரிக்காமல் ஊற்றுகிறார். போன செமஸ்டர் வைவாவில் என்னைவிட அவனுக்குத்தான் மார்க் அதிகம். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்ட அன்று அவன் அதிகம் பேசவில்லை. மதுரைக்காரனிடம் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தையைத்தான் சொன்னான்:

"பழம், மக்கா."

– இயந்திரவியல், இரண்டாம் ஆண்டு