முதலில் தனித்தனியாகப் பேசுங்கள்

சேவுகம்பட்டி, வத்தலகுண்டு, நிலக்கோட்டைப் பக்கம் புருஷன் பெண்டாட்டிக்குள் கசப்பு முற்றினால் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடிப் பேசுவார்கள். அதில் அடங்காவிட்டால் மகளிர் காவல் நிலையம். எல்லாம் ஓய்ந்த பிறகுதான் ‘எதற்கும் ஒரு தடவை கவுன்சிலிங் போய்ப் பார்க்கலாமே’ என்று யாராவது சொல்வார்கள். இந்த வழி முழுக்க நடந்து வந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். என் வீட்டுக் கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. நான் கண்ட முடிவை மட்டும் காரணத்தோடு சொல்கிறேன். கவுன்சிலிங்குக்கு முதல் நாளே குடும்பமாகத் திரண்டு போகாதீர்கள். கணவனும் மனைவியும் ஆலோசகரிடம் தனித்தனியாகப் பேசட்டும். பிறகு இருவரும் சேர்ந்து உட்காரட்டும். உறவினர் அதற்கும் பிறகுதான். இந்த வரிசை தப்பினால் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ஓர் அறையில் மாமனார், மாமியார், அண்ணன், தாய்மாமன் எல்லாரும் உட்கார்ந்தால் பேசுவது யார்? அவளுக்காக அண்ணன் பேசுவார், அவனுக்காகத் தாய்மாமன் பேசுவார். எத்தனை பவுன் போட்டார்கள், காதுகுத்துக்கு யார் வரவில்லை, சீரில் என்ன குறைந்தது என்று பேச்சு அங்கேயே சுற்றும். குடியா, சொல்லாமல் வாங்கிய கடனா, பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வா, படுக்கையறையில் உள்ள கஷ்டமா என்பது வெளியே வரவே வராது. அடி உதை இருக்கிற வீடாக இருந்தால் இன்னும் மோசம். ஆலோசகர் முன்னால் சொன்னதற்கு ராத்திரி வீட்டில் பதில் கிடைக்கும் என்று தெரிந்த பெண், ‘ஒண்ணுமில்லைங்க, சின்னச் சண்டைதான்’ என்றுதான் சொல்வாள். அதுவே குறிப்பில் ஏறும். அந்தக் குறிப்பை நம்பி நடக்கும் ஆலோசனை வேறொரு நோய்க்கு மருந்து கொடுப்பதாகவே முடியும். மாதங்களும் கூலியும் கரைந்த பிறகு, ‘கவுன்சிலிங் போயும் திருந்தாத பெண்’ என்ற பெயர்தான் மிச்சமாகும்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் அல்ல. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 14-ஆம் பிரிவில், இருவரையும் தனியாகவோ சேர்த்தோ ஆலோசனைக்கு அனுப்ப நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் தருகிறது. 2006-இல் வந்த அதன் விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. வழக்கில் அக்கறை உள்ளவரோ, இரு தரப்பில் எவருக்கேனும் உறவினரோ ஆலோசகராக இருக்கக் கூடாது; எல்லாத் தரப்பும் எழுத்து மூலம் சம்மதித்தால்தான் அதற்கு விலக்கு. அடித்ததற்கு நியாயம் சொல்வது ஆலோசனைப் பேச்சில் இடம்பெறவே கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. நம் வீட்டுப் பேச்சுவார்த்தையில் நடப்பது என்ன? நடுவில் உட்காருகிறவரே உறவினர். பேச்சின் பாதி நேரம் ‘அவன் ஏன் கை நீட்டினான், நீ என்ன சொன்னாய்’ என்பதிலேயே போகிறது. சட்டம் தள்ளிவைத்த இரண்டையும் நாம் பெரியமனுஷத்தனம் என்று கொண்டாடுகிறோம்.

‘பெரியவர்கள் பேசித் தீர்க்காத பிரச்சினையா? அந்நியரிடம் போய் வீட்டு விஷயத்தைக் கொட்டுவதா?’ என்று கேட்பார்கள். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, நகை திருப்பிக் கொடுப்பது போன்றவற்றைப் பெரியவர்கள் பேசித் தீர்க்கலாம். அதை நான் மறுக்கவில்லை. மனம் அப்படித் தீராது. சேர்த்து அனுப்பிவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. அடுத்த மாதம் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா, அவள் தூங்குகிறாளா என்று பார்க்க யாரும் வருவதில்லை. காவல் நிலையத்திலும் இதே கதிதான். 1992-இல் சென்னை ஆயிரம்விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது பெண்களுக்குப் பெரிய வாசல். ஆனால் புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது போட்டு, இரு தரப்பையும் வரவழைத்து, ‘இனி ஒற்றுமையாக வாழ்கிறோம்’ என்று எழுதி வாங்கிக் கையெழுத்துப் போடவைப்பது சமாதானம்தான். அதைச் சிகிச்சை என்று நினைத்து வீடு திரும்பாதீர்கள்.

‘தனித்தனியாகப் பேசவிட்டால் குடும்பம் பிரியும்’ என்பது அடுத்த பயம். 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், 9-ஆம் பிரிவில், முதலில் இணக்கத்துக்கு முயல வேண்டும் என்று நீதிமன்றத்துக்கே கடமை விதிக்கிறது. இந்து திருமணச் சட்டம் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கும் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது. தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த விலக்கு இருந்தாலும், மொத்தத்தில் சட்டம் சேர்த்துவைக்கவே சாய்கிறது. மனதில் உள்ளதைச் சொல்ல இடம் இல்லாமல் போவதுதான் குடும்பத்தை உடைக்கிறது.

குடும்பமே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1950-களில் தொடங்கிய காலத்திலிருந்தே நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை தந்து பெயர் பெற்றது. ஆனால் அங்கே யார் எப்போது பேசுவது என்பதை முடிவு செய்கிறவர் மருத்துவர். நம் வீடுகளில் அதைத் தாய்மாமன் முடிவு செய்கிறார். வித்தியாசம் அங்கேதான்.

மற்றதெல்லாம் எளிது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பெண்களுக்கான உதவி எண் 181. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டால் போதும். தனியாரிடம் போனால் என்ன படிப்பு, எங்கே பதிவு என்று கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம். சிகிச்சைத் தகவலை ரகசியமாக வைத்திருக்கும் கடமை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிற வீட்டில் ஒரு நாள் வேலை கெடுவது சின்ன விஷயம் இல்லை. அதனால் பூ மார்க்கெட்டுக்குப் போன பிறகு, பத்து மணிக்கு மேல் நேரம் கேளுங்கள். முதல் நாள் ஒருவர் மட்டும் போங்கள். ‘நாங்களும் வருகிறோம்’ என்று கிளம்புகிற உறவினரிடம், ‘டாக்டர் கூப்பிடும்போது வாங்க மாமா’ என்று சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அந்தக் கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். சொல்லாமல் விழுங்கிய விஷயம் ஆறாது.