'டக்' என்று நின்றால் டேங்க் நிறைந்துவிட்டதா?

"ஜீரோ பாத்துக்கோங்க சார்" என்றபடி நாசிலைச் செருகுகிறார் பங்க் ஊழியர். 2 லிட்டர்கூட ஏறியிருக்காது, 'டக்'. மறுபடி அழுத்தினால் மறுபடி 'டக்'. பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்க, ஆளுக்கொரு காரணம் சொல்லத் தொடங்குவார்கள். அவற்றில் பாதிக்கு மேல் தப்பு.

நம்பிக்கை: நின்றுவிட்டால் டேங்க் நிறைந்துவிட்டது.

டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது நாசிலுக்குத் தெரியவே தெரியாது. அதன் முனையருகே பொடித் துளை ஒன்று இருக்கும். அடுத்த முறை உற்றுப் பாருங்கள். பெட்ரோல் பாயும் வேகத்தில் அந்தத் துளை வழியே காற்று இழுபட்டுக்கொண்டே இருக்கும். பெட்ரோல் மேலேறித் துளையை மூடினால் காற்று வரத்து நிற்கும். உடனே கைப்பிடிக்குள் உள்ள சவ்வு உறிஞ்சப்பட்டு விசை விடுபடும். இதில் மின்சாரமும் இல்லை, சென்சாரும் இல்லை. வாய்க்குழாயில் பெட்ரோல் கொஞ்சம் எதிர்த்துத் தெறித்தாலே போதும், காலி டேங்குக்கும் 'டக்' விழும்.

நம்பிக்கை: விட்டு விட்டுப் போட்டு அளவில் ஏமாற்றுகிறார்கள்.

அளவில் சந்தேகம் இருந்தால் 5 லிட்டர் அளவைக் கலனில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். அது உங்கள் உரிமை. 25 மில்லி வரை கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. ஆனால் 'டக்' வேறு விவகாரம். இன்னொரு பங்கில் போட்டுப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஏறினால் முந்தைய பங்கின் நாசிலில் கோளாறு. போகிற பங்கிலெல்லாம் நின்றால் கோளாறு உங்கள் வண்டியில்தான். பெட்ரோல் போடும் பையனைத் திட்டிப் பயனில்லை.

நம்பிக்கை: பெட்ரோல் இறங்கும் குழாயில் அடைப்பு.

பெரும்பாலும் அடைபட்டிருப்பது காற்று வெளியேறும் வழி. புட்டியின் வாயில் புனலை இறுகச் செருகி எண்ணெய் ஊற்றினால் இறங்காமல் நிற்கும். புனலைச் சற்றுத் தூக்கினால் மளமளவென்று இறங்கும். டேங்கிலும் அதே கதைதான். உள்ளே போகும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு லிட்டர் ஆவி வெளியேறியாக வேண்டும்.

அதை அப்படியே காற்றில் விட முடியாது. புகை விதிகளால், பெட்ரோல் கார்களில் டேங்கின் ஆவி கரி நிரப்பிய கேனிஸ்டர் வழியாகப் போகும். கரி ஆவியைப் பிடித்துவைக்கும். பிறகு ஓடும் இன்ஜின் அதை உறிஞ்சி எரித்துவிடும். கேனிஸ்டரின் வெளிக்காற்றுக் குழாய் சேற்றில் அடைபட்டாலோ, அதன் வால்வு மூடியபடி சிக்கினாலோ போச்சு. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் முதலில் அந்தக் குழாயைப் பாருங்கள். சமீபத்தில் டேங்கை இறக்கி ஏற்றியிருந்தால், வாய்க்குழாயை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுக் குழாய் மடங்கியிருக்கலாம். இத்தனைக்கும் செக் இன்ஜின் விளக்கு எரியாமலேயே இருக்கலாம்.

சிலந்தி கூடக் காரணமாகலாம் என்றால் சிரிப்பார்கள். 2011-இல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் சுமார் 65,000 'மாஸ்டா 6' கார்களைத் திரும்ப அழைத்தது அதற்காகத்தான். ஒருவகை மஞ்சள் சிலந்தி கேனிஸ்டரின் காற்றுக் குழாயில் கூடு கட்டிவிட்டது. இன்ஜின் உறிஞ்ச உறிஞ்ச, வெளிக்காற்று வராமல் டேங்க் உள்வாங்கி விரிசல் விடும் அபாயம் இருந்தது.

நம்பிக்கை: 'டக்' ஆன பிறகு ரவுண்டாகப் போட்டால் லாபம்.

எனக்கு இந்தப் பழக்கத்தின் மேல்தான் கோபம். 1,940 ரூபாயில் நின்றால் 2,000 ஆக்கியே தீர வேண்டும் நமக்கு. வண்டியை ஆட்டி ஆட்டி விளிம்பு வரை ஊற்றச் சொல்வோரும் உண்டு. ஆவிக்காக விட்டிருக்கும் இடத்தில் பெட்ரோல் ஏறி, வழிந்து, கேனிஸ்டருக்குள் போய்விடும். நனைந்த கரி ஆவியைப் பிடிக்காது. உடைந்த கரித்தூள் வால்வை அடைக்கும். அப்புறம் அடுத்த ஃபுல் டேங்க் 2 லிட்டரிலேயே நிற்கும். ரூபாயை ரவுண்டாக்க வேண்டுமா, முதலிலேயே 'ரெண்டாயிரத்துக்குப் போடுங்க' என்று சொல்லிவிடலாமே.

வெயில் காலத்தில் ஃபுல் டேங்க் போட்டால் வெடிக்கும் என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை இந்தியன் ஆயிலே மறுத்துவிட்டது. தயாரிப்பாளர் சொன்ன அளவு வரை தாராளமாகப் போடலாம்.

நம்பிக்கை: மெதுவாகப் போட்டால் ஏறுகிறது, அதனால் கோளாறில்லை.

மெதுவாகப் போட்டால் ஏறுவதே காற்று வழி திணறுகிறது என்பதற்கு அடையாளம். அவசரத்துக்கு நாசிலை ஓர் அங்குலம் வெளியே இழுத்து, பக்கவாட்டில் திருப்பி, கைப்பிடியைப் பாதி மட்டும் அழுத்தச் சொல்லுங்கள். வீடு போய்ச் சேரலாம். டீசல் வண்டி என்றால் நுரை காரணமாகவும் நிற்கும். அதற்கும் மெதுவாகப் போடுவதே வழி.

மெக்கானிக்கிடம் போகும்போது, பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் ஆகத் திணறுகிறதா, மூடியைத் திறக்கும்போது காற்று 'ஸ்ஸ்' என்று உள்ளே இழுக்கிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். முன்னது இன்ஜின் பக்க வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம் என்று காட்டும். பின்னது வெளிக்காற்று வழி அடைபட்டிருப்பதைக் காட்டும். எடுத்த எடுப்பில் டேங்கை இறக்க வேண்டும் என்று அவர் சொன்னால், அதற்கு முன் கேனிஸ்டர் குழாயில் காற்று தடையின்றிப் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.