ஒரு பெயர், இரு கருவிகள்

பெங்களூருவில் 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் பயணிகள் விமானப் போக்குவரத்து எச்.ஏ.எல். நிலையத்திலிருந்து தேவனஹள்ளிக்கு மாற்றப்பட்டது. பயணச்சீட்டில் காணப்படும் பி.எல்.ஆர். என்னும் குறியீடு புதிய நிலையத்திற்கு உரியதாயிற்று. பழைய ஓடுபாதையோ மூடப்படவில்லை. ஆகவே விமானிகளுக்குரிய நான்கெழுத்துக் குறியீடு பழையதற்கு வி.ஓ.பி.ஜி. எனவும், புதியதற்கு வி.ஓ.பி.எல். எனவும் வெவ்வேறாக உள்ளது. இரு இடங்களுக்கும் ஒரே பெயர் இருப்பின் விளையும் கேடு வெளிப்படை.

கணிப்பொறி நிரல்களுக்கும் இவ்விதி பொருந்தும். 1999 டிசம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் எஸ்/390 பெருங்கணிப்பொறிக்குரிய லினக்ஸ் நிரல்பகுதிகளை வெளியிட்டது. சாதாரணக் கணிப்பொறியில் வட்டைப் பிரிவுகளாக வகுக்க 'எஃப்டிஸ்க்' என்னும் கருவி வழங்குகிறது. அதன் பழைய முறையில் வட்டின் முதற்பகுதியில் நான்கு வரிகள் கொண்ட பிரிவு அட்டவணை எழுதப்படும். பெருங்கணிப்பொறியின் 'டாஸ்டி' வட்டு இதனின்றும் வேறுபட்டது. அதன் பொது அமைப்பில் ஆறெழுத்துத் தொகுதிப் பெயரும், உள்ளடக்கப் பட்டியலும் இடம்பெறும். இசட்/ஓ.எஸ். இயக்கமுறையும் அப்பட்டியலைப் படித்தறியும். இத்தகைய வட்டில் மூன்று பிரிவுகள் வரையே அமைக்க இயலும்.

இவ்வட்டை வகுக்கும் கருவிக்கு 'எஃப்டாஸ்டி' எனத் தனிப்பெயர் வழங்குகிறது. அதனையும் 'எஃப்டிஸ்க்' என்றே அழைத்தால் என்ன? அதே பொறியுடன் ஒளியிழை வழியாக ஸ்கஸி வட்டுகளும் இணைக்கப்படுவதுண்டு. அவற்றிற்கு எஃப்டிஸ்க்கே வேண்டும். ஒரே பொறியில் இரு கருவிகளும் தேவைப்படுதலால் ஒரு பெயர் இரண்டிற்கும் பொருந்தாது. கருவி மாறி, பொருந்தா அட்டவணை எழுதப்படின், வட்டிலுள்ள தரவு கைக்கெட்டாமற் போகலாம்.

டெபியன் அமைப்பின் கொள்கை இதனைத் தெளிவாக வரையறுத்துள்ளது. வேறுபட்ட பணி செய்யும் இரு நிரல்கள் ஒரே கோப்புப் பெயரில் நிறுவப்படலாகாது. ஒன்று பெயர் மாற வேண்டும். உடன்பாடு எட்டாவிடின் இரண்டுமே பெயர் மாற வேண்டும். ஒரே பணியை ஒரே கட்டளைகளால் செய்யும் நிரல்களுக்கு மட்டும் ஒரு பொதுப் பெயரை வைத்து, வேண்டியதை அதனுடன் இணைக்கலாம். வலிந்து ஒன்றை மற்றொன்றின்மேல் எழுதுதல் தீர்வாகாது.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் மாணவர்க்கு மூன்று பழக்கங்களை வலியுறுத்துதல் நன்று. முதலாவது, 'எல்எஸ்டாஸ்டி' கட்டளையால் டாஸ்டி வட்டுகளை இனங்காணுதல். இரண்டாவது, பிரிவு அட்டவணையை முதலில் படித்து மட்டும் பார்த்தல். மூன்றாவது, நகலெடுத்த பின்னரே எழுதுதல். கருவியின் பெயரை நம்புமுன் வட்டின் இயல்பை அறிதல் வேண்டும் என்பதே இப்பாடத்தின் சாரமாகும்.