பாஸ் சொன்ன பிறகு எவ்வளவு துணியலாம்?

கேள்வி: பிரிட்ஜில் முதல் ஆளாக பாஸ் சொன்னேன். மூன்றாவது இடத்தில் பார்ட்னர் 1 ஸ்பேட் என்று திறந்தார். என்னிடம் ஸ்பேட் ராஜா, ஜாக், 7, 3. ஹார்ட் ஏஸ், 8, 4. டைமண்ட் ராணி, 9, 5, 2. கிளப் ஜாக், 6. 3 ஸ்பேடுக்குத் தாவினேன். ஒரு பிடி குறைந்தது. எது சரி?

பதில்: 11 பாயிண்ட், நான்கு ஸ்பேட். நல்ல கைதான். ஆனால் மூன்றாவது இடத்தில் பலர் 10 பாயிண்டிலேயே திறப்பார்கள். நான்காவது ஆளை மடக்கவும், எந்தச் சீட்டை இறக்குவது என்று பார்ட்னருக்குக் காட்டவும் அது உதவும். அந்தத் துணிச்சலுக்கு நீங்கள் தண்டனை தரக் கூடாது.

இதற்காகவே கனடா ஆட்டக்காரர் டக்ளஸ் ட்ரூரி ஒரு வழி வகுத்தார்: 2 கிளப் சொல்லுங்கள். கிளப் இருப்பதாக அதற்குப் பொருளில்லை, “ஸ்பேட் ஆதரவு உண்டு, ஏறத்தாழ 11 பாயிண்ட், உங்கள் கை முழுமையானதா?” என்ற கேள்வி அது. இன்று பலரும் ஆடும் முறைப்படி, பலவீனமானவர் 2 ஸ்பேடில் நிறுத்துவார். பலமுள்ளவர் மேலே போவார். 6, 7 பாயிண்டும் மூன்று ஸ்பேடும் மட்டும் இருந்தால், நேராக 2 ஸ்பேட் போதும்.

இதைப் பார்ட்னரோடு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி குறுக்கே ஏலம் கேட்டால் இது செல்லுமா என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.