மாவும் முட்டையும்: சுவாபிய நாட்டு ஸ்பெட்ஸ்லே

ஜெர்மனியின் தென்மேற்கே சுவாபியா என்னும் பகுதி உண்டு. அங்கே முற்காலத்தில் பல ஊர்களில் தகப்பனின் நிலத்தைப் பிள்ளைகள் சமமாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். தலைமுறைக்குத் தலைமுறை வயல் சுருங்கியது, இறைச்சி அபூர்வமாயிற்று. அவ்வீடுகளில் பசியாற்றிய பண்டங்களுள் ஒன்று ஸ்பெட்ஸ்லே. சின்னச் சிட்டுக்குருவி என்பது பெயரின் பொருள். எவ்வளவு அழகு!

நால்வருக்கு 400 கிராம் மைதா, 4 முட்டை, 1 தேக்கரண்டி உப்பு, சுமார் 150 மில்லி தண்ணீர் எடுத்துக்கொள்வோம். மரக்கரண்டியால் குமிழிகள் தோன்றும்வரை அடிக்க வேண்டும். கை வலிக்கும், ஆனால் இங்கே சோம்பல் கூடாது. அடிக்க அடிக்கத்தான் மாவிலுள்ள புரதம் இழையோடி, கொதிநீரில் கரையாமல் நிற்கும். 20 நிமிடம் மூடி வைத்தபின், ஈரப் பலகையில் சிறிது பரப்பி, உப்பிட்ட கொதிநீரில் கத்தியால் மெல்லிய கீற்றுகளாக வழித்துத் தள்ளுவோம். பலகை பழகாதவர்கள் பூந்திக் கரண்டியில் தேய்த்து விழச் செய்யலாம். மேலே மிதந்தால் வெந்துவிட்டது. வடித்து, வெண்ணெயில் புரட்டுவோம்.

சுவாபியர் இதனுடன் முழு மைசூர்ப் பருப்பை வேகவைத்து, சிறிது வினிகர் விட்டுப் பரிமாறுவர். கோதுமையில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பிலோ நிறைய உண்டு. ஆகவே இறைச்சி வாங்க வழியில்லாத நாளிலும் குழந்தைகளின் வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் தட்டிலேயே இருந்தது. மிஞ்சியதை மறுநாள் வெங்காயத்துடன் வதக்கி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் அடுத்த வேளைக்கும் ஆயிற்று.